குன்றின் மக்களும் மறதியின் இலைகளும்

கொடுமையை வெளிப்படையாகப் போற்றும் நூலை வாசகன் எளிதில் இனங்கண்டு கொள்கிறான். இனிய நூல் அவ்வாறு அகப்படுவதில்லை. அது எம்மை மகிழ்விக்கிறது. நன்றியுணர்வோடு அதனை மூடி வைக்கிறோம். எமக்குள் அது எதனை விட்டுச் சென்றது என்று கேட்க மறந்து விடுகிறோம். றட்யார்ட் கிப்ளிங் 1906 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பூக்ஸ் குன்றின் பக்' அத்தகைய இனிய நூல்களுள் ஒன்று. இரண்டு சிறுவர், ஒரு மாயமாந்தன், ஓர் ஓடைக்கரைப் புல்வெளி ஆகியவற்றைக் கொண்டு இங்கிலாந்தின் நெடுங்கால வரலாற்றைச் சொல்லப் புகும் பத்துக் கதைகள் அதிலே உள்ளன.

கிப்ளிங்கை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று நண்பர் சிலர் கேட்கக் கூடும். 1899 ஆம் ஆண்டில் வெள்ளையனின் சுமை பற்றிக் கவிதை பாடியவர் அவர். 1919 ஆம் ஆண்டின் ஜலியான்வாலா பாக் படுகொலைக்குப் பின்னர், அதனை நடத்திய டயருக்கென இங்கிலாந்திலே திரட்டப்பட்ட நிதிக்குப் பணம் வழங்கியவரும் அவரே. இவற்றை நாம் மறக்கவில்லை. ஆயினும், எழுத்தாளனின் அரசியற் கருத்தைச் சொல்லி முடித்ததும் நூலின் ஆய்வு முடிந்து விடுவதில்லை. ஒரு நூல் எவ்வாறு இனிக்கிறது, அந்த இனிமை எந்த விலைக்கு வாங்கப்பட்டது என்பதை அறிய வேண்டுமாயின் அதனைப் படித்தே ஆக வேண்டும்.

கதை வருமாறு: டான், யூனா என்னும் உடன்பிறந்தோர் இருவர் சசெக்ஸ் மாகாணத்திலே, பூக்ஸ் குன்றின் அடியிலுள்ள புல்வெளியில், சேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தின் சிறு பகுதியை நடிக்கின்றனர். நடுவேனிலுக்கு முந்திய மாலைப் பொழுதில், மாயமாந்தரின் வளையம் எனக் கருதப்படும் இடத்தில், மும்முறை அதனை நடித்து விடுகின்றனர். உடனே நாடகத்திலே வரும் பக் மெய்யாகவே புதரை விலக்கிக் கொண்டு தோன்றுகிறான். குன்றின் மக்கள் யாவரும் நாட்டை விட்டு அகன்று விட்டனர், தான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன் என்கிறான். பின்னர், வரலாற்றின் பல காலங்களைச் சேர்ந்த மனிதரை அவர்கள் முன் அழைத்து வருகிறான். நோர்மன் வீரன் ஒருவன் வருகிறான். ஹேட்ரியனின் சுவரைக் காத்து நின்ற உரோமப் படைத்தலைவன் வருகிறான். 1215 ஆம் ஆண்டிலே வாழ்ந்த யூத மருத்துவன் ஒருவனும் வருகிறான். ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லிப் போகின்றனர்.

இந்நூலிலே இரண்டு சடங்குகள் உள. இவற்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலாவது, பக் அச்சிறுவருக்கு நிலத்தைக் கையளிக்கும் சடங்கு. மானிய காலத்து இங்கிலாந்தில், நிலத்தை ஒருவர் மற்றொருவருக்கு உரிமையாக்கும் போது அந்நிலத்தின் புற்கரணை ஒன்றை வெட்டி அவர் கையிலே வைப்பது வழக்கம். அதே முறையில் ஒரு கரணையை வெட்டிக் கொடுத்துப் பழைய இங்கிலாந்து முழுவதற்கும் அவர்களை உரிமையாளர் ஆக்குகிறான் பக். இரண்டாவது, மறதிச் சடங்கு. கதை முடிந்ததும் ஓக், ஆஷ், தோண் என்னும் மூன்று மரங்களின் இலைகளை அவன் கொடுக்கிறான். சிறுவர் கண்டதும் கேட்டதும் அத்துடன் நினைவினின்று நீங்கி விடுகின்றன. வீட்டிலே போய் இவற்றைச் சொன்னால் பெரியோர் வைத்தியரை அழைத்து விடுவார்கள் என்பது அதற்கு அவன் கூறும் காரணம்.

நிலம் கிடைக்கிறது, நினைவு போய் விடுகிறது. இவ்விரு சடங்குகளுக்குமிடையே நூலின் முழு வரலாற்று நோக்கும் அடங்கியுள்ளது எனலாம். இதனை விளங்கிக் கொள்ள, குன்றின் மக்கள் எனப்பட்டோர் கிப்ளிங்கின் கைக்கு வருமுன் யாராக இருந்தனர் என்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஃபேரி' எனப்படுவோருக்குத் 'தேவதை' என்னும் தமிழ்ச் சொல் முற்றாகப் பொருந்தாது. அவர்கள் தெய்வமுமல்லர், பேயுமல்லர். குடியானவனின் வீட்டுக்கும் வயலுக்கும் அப்பால், மேட்டிலும் புதரிலும் நிலத்தின் கீழும், தமக்கெனச் சமுதாயம் அமைத்து வாழும் அயலார் என்றே மக்கள் அவர்களைக் கருதினர். ஸ்கொத்லாந்தின் அபர்ஃபொயில் என்னும் ஊரிற் பாதிரியாராயிருந்த றொபேட் கேர்க் 1690 களின் தொடக்கத்தில் இவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்தார். அது 1815 ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் அச்சேறியது. ஊராரிடம் கேட்டறிந்த நம்பிக்கைகளைச் செம்மையாகப் பதிவு செய்த அந்நூலிலே வண்ணத்துப்பூச்சிச் சிறகு கிடையாது. பாலூட்டும் தாய்மாரைக் கவர்ந்து செல்வோரும், மனிதரின் உணவின் சத்தை உறிஞ்சிக் கொள்வோரும் அங்கு வருகின்றனர்.

பசியும் நோயும் குழந்தை மரணமும் சூழ்ந்த வாழ்க்கையில் பிறந்த நம்பிக்கை இது. பசு ஏன் பால் தரவில்லை, வெண்ணெய் ஏன் திரளவில்லை, நேற்றுவரை நன்றாயிருந்த குழந்தை இன்று ஏன் மெலிந்து அழுகிறது என்னும் வினாக்களுக்கு வேறு விடையற்ற மக்கள் இவ்விடையைக் கண்டனர். அதே நம்பிக்கை எசமானருக்கும் பயன்பட்டது. அடுப்படியைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலைக்காரியின் சப்பாத்துக்குள் மாயமாந்தர் நாணயம் இட்டுச் செல்வர், சோம்பியிருப்பவளைக் கிள்ளிக் கன்றச் செய்வர் என்று சொல்லப்பட்டது. எசமானி உறங்கும் வேளையிலும் பணிப்பெண்ணைக் கண்காணிக்கும் கண்காணி ஒருவன் இவ்வாறு சம்பளமின்றிக் கிடைத்தான்.

அவர்கள் போய் விட்டார்கள் என்னும் பேச்சும் மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சோசரின் பாத் நகரத்துப் பெண்மணி, துறவிகளின் நடமாட்டம் மிகுந்ததால் மாயமாந்தர் மறைந்தனர் என்று ஏளனமாகச் சொல்கிறாள். பதினேழாம் நூற்றாண்டில் மதகுருவும் கவிஞருமான றிச்சார்ட் கோபெற், மதச் சீர்திருத்தத்தோடு அவர்கள் போயினர் என்று பாடினார். கிப்ளிங் 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது பக் நூலின் பெயரே கோபெற்றின் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பாட்டன் காலத்திலேதான் அவர்கள் கடைசியாகக் காணப்பட்டார்கள் என்கிறது. தம் காலத்தில் எது அழிகிறதோ அதன் பெயரால் மக்கள் அவர்களை வழியனுப்பி வைத்தனர் போலும்.

இனி, கல்விக்கூடங்களில் அரிதாகவே சொல்லப்படும் ஒரு செய்திக்கு வருவோம். 1450 ஆம் ஆண்டில், வரிக் கொடுமைக்கும் அரச அதிகாரிகளின் ஊழலுக்கும் எதிராக ஜாக் கேட் என்பவன் தலைமையில் கென்ற் மாகாண மக்கள் கிளர்ந்தெழுந்து இலண்டன் வரை சென்றனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, கேட் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு, அதே கென்ற் மாகாணத்தில், பக்கிங்ஹாம் கோமகனின் வேலியிட்ட வேட்டைக் காட்டுக்குள் ஒரு கூட்டத்தார் புகுந்து மான்களைக் கவர்ந்து சென்றனர். அவர்கள் முகத்திலே கரி பூசியிருந்தனர். தாங்கள் மாயமாந்தர் அரசியின் ஊழியர் என்று கூறிக் கொண்டனர். இது கற்பனைக் கதையன்று. அவர்கள் மீது தொடரப்பட்ட வழக்கின் பதிவு.

கோமகனின் காட்டிலே மான் கொல்லக் குடியானவனுக்கு உரிமையில்லை. மன்னனின் சட்டமும் கோமகனின் பக்கமே நின்றது. ஆகவே, மன்னனுக்கு மேலான ஓர் அரசியை, எந்த நீதிமன்றமும் அழைப்பாணை அனுப்ப முடியாத ஓர் அரசியை அவர்கள் தமக்குத் தெரிவு செய்து கொண்டனர். மாயம் அங்கே முகமூடியாயிற்று. அந்த முகமூடியின் கீழே வரிசெலுத்தி நலிந்த மனிதன் நின்றான்.

இத்தகைய இல்லாத தலைவர்கள் பின்னரும் வந்தனர். 1761 ஆம் ஆண்டு தொடக்கம் அயர்லாந்தின் திப்பெரேரிப் பகுதியில், பொதுமேய்ச்சல் நிலங்களைச் சூழ எழுப்பப்பட்ட வேலிகளை இரவிலே வெண்சட்டை அணிந்து தகர்த்தவர்கள் சாய்வ் என்னும் அரசியின் பெயரால் அதனைச் செய்தனர். 1830 ஆம் ஆண்டில் கென்ற் மாகாணத்திலே தொடங்கிச் சசெக்சுக்கும் அப்பாலும் பரவிய விவசாயக் கூலிகளின் எழுச்சியிலே, சூடடிக்கும் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. மாரிகாலத்து வேலையை அவ்வியந்திரங்கள் பறித்தமையே அதற்குக் காரணம். பண்ணையாருக்கு அனுப்பப்பட்ட எச்சரிக்கைக் கடிதங்களிலே 'கப்டன் ஸ்விங்' என்று கையொப்பமிடப்பட்டிருந்தது. அப்படி ஒருவர் எங்குமே இருந்ததில்லை. ஆனால் தண்டனை பெற்றவர்கள் மெய்யாகவே இருந்தனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 480 பேரளவில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

இடையில் 1723 ஆம் ஆண்டிலே நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றையும் குறிப்பிட வேண்டும். முகத்திலே கரி பூசியோ வேடமிட்டோ மான் காட்டிற் காணப்படுவதே மரணதண்டனைக்குரிய குற்றம் என்றது அச்சட்டம். ஏறத்தாழ 50 குற்றங்களுக்கு ஒரே வீச்சில் அது தூக்குக் கயிற்றை நீட்டியது. வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதன் பின்னணியை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1451 ஆம் ஆண்டின் கென்ற் மனிதருக்கும் 1723 ஆம் ஆண்டின் மனிதருக்கும் நேரடித் தொடர்பு இருந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. வேலி அதே வேலி. மான் அதே மான். கரியும் அதே கரி. சொத்துடைமை எங்கே ஒரே வடிவில் நிற்கிறதோ அங்கே எதிர்ப்பும் ஒத்த வடிவங்களை எடுக்கிறது.

ஆயினும், மக்கள் நம்பிக்கை என்பதற்காக அதனைப் போற்றிப் பாடுவதும் தவறாகும். அந்த நம்பிக்கைக்கு இரத்தக் கறையும் உண்டு. குழந்தையை எடுத்துக் கொண்டு தம் இனத்தைச் சேர்ந்த ஒன்றை மாயமாந்தர் தொட்டிலில் விட்டுச் செல்வர் என்னும் எண்ணத்தால், வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பல துன்புறுத்தப்பட்டன. 1895 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அதே திப்பெரேரியின் பாலிவாட்லியா என்னும் ஊரில், பிரிஜற் கிளியரி என்னும் இளம்பெண் நோயுற்றாள். அவள் ஆடை தைத்துச் சொந்தமாகப் பணம் ஈட்டியவள். படுக்கையிற் கிடப்பவள் தன் மனைவியல்லள், மாயமாந்தர் மாற்றி வைத்த ஒருத்தி என்று கூறிக் கணவன் அவளைத் துன்புறுத்தினான்; உறவினர் பலர் உடனிருந்தனர். ஈற்றிலே அவள் எரிந்து மாண்டாள். கணவன் 15 ஆண்டுகள் சிறையிலிருந்தான். தன் காலில் நிற்கத் தொடங்கிய பெண்ணைத் தன்னவள் அல்லள் என்று சொல்வதற்கு மாயமாந்தர் அவனுக்குச் சொல் கொடுத்தனர்.

இக்கொலை பற்றிய செய்தியை இங்கிலாந்தின் பத்திரிகைகள் சில எவ்வாறு பயன்படுத்தின என்பதையும் நோக்குக. அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்குவதா என்னும் விவாதம் நடந்து கொண்டிருந்த காலம் அது. இத்தகைய மூடநம்பிக்கையுடையோர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்று அவை வாதிட்டன. ஆக, அயர்லாந்துக் குடியானவன் மாயமாந்தரை நம்பினால் அது காட்டுமிராண்டித்தனம். பதினோராண்டுகளின் பின் ஆங்கிலக் கனவான் அவர்களைப் பற்றி எழுதினால் அது இலக்கியம்.

இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 5,200 க்கும் மேற்பட்ட நில அடைப்பு மசோதாக்களை நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் இவ்வாறு தனியாருக்குள் அடைபட்டது. 1851 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்போது இங்கிலாந்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயிருந்தனர். மேட்டுக்கும் புதருக்கும் அஞ்சி வாழ்ந்த மனிதன் ஆலைக்குப் போய் விட்டான். அவன் விட்டுச் சென்ற மேடும் புதரும் நகரத்துச் செல்வனின் ஓய்விடமாயின. அச்சமூட்டியவை அழகுப் பொருள்களாயின. நிலத்தை இழந்தவனின் மாயமாந்தன் நிலத்தை வாங்கியவனின் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழனானான். கிப்ளிங் 1902 ஆம் ஆண்டு சசெக்சின் பேர்வோஷ் கிராமத்திலே 1634 ஆம் ஆண்டுக் கட்டடமொன்றைக் காணியோடு வாங்கிக் குடியேறினார். பக் நூலின் டானும் யூனாவும் அவருடைய பிள்ளைகளான ஜோனையும் எல்சியையும் மனத்திற் கொண்டு படைக்கப்பட்டவர்களே.

இப்பொழுது அந்தப் புற்கரணையின் பொருள் தெளிவாகும். மாயமாந்தர் அரசியின் பெயரால் வேலி தாண்டியவர்களின் மண்ணை, மாயமாந்தன் ஒருவனே வேலிக்குரியவனின் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறான். முகமூடி கை மாறி விட்டது.

நூலின் வரலாற்றுச் சங்கிலியும் இதனோடு இசைந்தே செல்கிறது. வேலண்ட் என்னும் கொல்லர் தெய்வம் வாளொன்றை வடிக்கிறது. அவ்வாள் கடல் கடந்து சென்று ஆபிரிக்கக் கரையிலிருந்து பொன்னைக் கொணர்கிறது. அப்பொன் பெவென்சிக் கோட்டையிலே ஒளித்து வைக்கப்படுகிறது. நூற்றாண்டு கழித்து, அது ஜோன் மன்னனின் கைக்குக் கடனாகப் போய் விடாதபடி யூத மருத்துவன் கத்மியேல் அதனைக் கடலிலே வீசுகிறான். பணமின்றித் தவித்த மன்னன் 1215 இல் மக்னா காட்டா என்னும் பெரும் பட்டயத்துக்கு இணங்குகிறான். வாளிலிருந்து பொன், பொன்னிலிருந்து சட்டம், இது மரம் வளர்வது போல இயற்கையானது என்னும் கருத்தோடு பக் நூலை முடித்து வைக்கிறான்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். வாள் பொன்னைப் பெற்றது என்பதில் இயற்கை எதுவுமில்லை. ஆபிரிக்கப் பொன்னிலிருந்து ஆங்கிலச் சட்டம் பிறந்தது என்னும் கற்பனை, 1906 ஆம் ஆண்டின் பேரரசு தன்னைப் பற்றி அறியாமலே சொல்லிக் கொண்ட உண்மையாகும். மேலும், அப்பட்டயத்தின் புகழ்பெற்ற வாக்குறுதி சுதந்திர மனிதருக்கே உரியதாயிருந்தது. நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையடிமைகள் அதற்குப் புறம்பே நின்றனர். அவர்கள் தம் குரலை உயர்த்திய 1381 ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கோ, 1450 ஆம் ஆண்டுக்கோ, 1830 ஆம் ஆண்டுக்கோ பக்கின் இரு நூல்களிலும் கதை இல்லை. இவையனைத்தும் அவனது குன்றிலிருந்து எட்டிய தொலைவில் நிகழ்ந்தவை. உரோமனையும் நோர்மனையும் அழைத்து வரும் மாயம், இயந்திரம் உடைத்ததற்காகக் கப்பலேற்றப்பட்ட சசெக்ஸ் கூலியை அழைத்து வரவில்லை.

இந்த இனிமைக்கு மறுபக்கமும் உண்டு. 1911 ஆம் ஆண்டில் பிளெற்சர் என்பவரோடு சேர்ந்து கிப்ளிங் பாடசாலைகளுக்கான இங்கிலாந்து வரலாறு ஒன்றை வெளியிட்டார். கவிதைகள் கிப்ளிங்கினுடையவை, உரைநடை பிளெற்சருடையது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட மேற்கிந்தியக் கறுப்பின மக்களைச் சோம்பேறிகள் என இழித்துரைக்கும் பாடநூல் அது. கதைநூல் மென்மையாகச் சொன்னதைப் பாடநூல் கடுமையாகச் சொன்னது. எமது நாட்டின் ஆங்கிலப் பாடசாலைகளிலே, 1948 ஆம் ஆண்டுக்கு முன், சொந்த ஊரின் வரலாற்றை அறியாமல் இங்கிலாந்து மன்னரின் வரிசையை ஒப்பித்த தலைமுறையினருக்கு இத்தகைய வரலாற்றின் தன்மையை நாம் விளக்க வேண்டியதில்லை.

எனினும், ஆய்வு இவ்விடத்தில் நின்று விடுமாயின் அது நேர்மையாகாது. 1888 ஆம் ஆண்டில் மார்கிறற் ஹாக்னஸ் என்னும் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், பால்சாக் தன் வர்க்கப் பற்றுகளுக்கு மாறாகவே உண்மையைக் கண்டு எழுத நேர்ந்தது என்று எங்கெல்ஸ் குறிப்பிட்டார். கிப்ளிங் பால்சாக் அல்லர். ஆனால் அவர் கண்ணும் அவரது கருத்தை மீறிச் சில வேளைகளிற் பார்த்து விடுகிறது.

முதலாவதாக, பக் வண்ணத்துப்பூச்சிச் சிறகும் மெல்லிய பாவாடையும் கொண்ட தேவதைப் படங்களைச் சினத்தோடு மறுக்கிறான். தன் மக்கள் அத்தகையோரல்லர் என்கிறான். மக்களிடம் செல்வாக்கிழந்த வேலண்ட் தெய்வம், வழிப்போக்கரின் குதிரைக்கு இலாடம் அடித்துக் காசு பெற்றுப் பிழைக்கிறது. தெய்வம் கூலியாளாகி நிற்கும் அக்காட்சியை எழுதியவர் உழைப்பின் வெம்மையை அறியாதவர் அல்லர்.

இரண்டாவதாக, கத்மியேல். கிழக்கைரோப்பாவிலிருந்து வந்த யூத ஏதிலிகளைத் தடுப்பதையே முதன்மை நோக்காகக் கொண்ட அந்நியர் சட்டம் இங்கிலாந்திலே 1905 ஆம் ஆண்டில் நிறைவேறியது. கிப்ளிங்கும் யூதர் மீதான வெறுப்பிலிருந்து விடுபட்டவரல்லர். யூதனையும் பொன்னையும் இணைக்கும் பழைய வழக்கு இக்கதையிலும் உண்டு. அப்படியிருந்தும், அடுத்த ஆண்டில் வந்த நூலிலே ஆங்கிலரின் சட்டத்துக்கு வழிவகுத்தவனாக ஒரு யூதனையே அவர் நிறுத்தினார். அச்சட்டத்தைப் பெற்ற நாடு 1290 ஆம் ஆண்டில் யூதர் யாவரையும் வெளியேற்றியது என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது கதையின் வலி கூடுகிறது.

மூன்றாவது, மாயமாந்தர் நாட்டை விட்டுச் சென்ற கதை. எட்டாம் ஹென்றியின் காலத்தில் மதப் பகை மூண்டது. 1536 முதல் 1540 வரை துறவியர் மடங்கள் கலைக்கப்பட்டன; அவற்றின் நிலங்கள் மன்னனிடம் போய், அங்கிருந்து பெரும்பாலும் செல்வர் கைக்குச் சேர்ந்தன. மனிதரின் வெறுப்பைத் தாங்க இயலாத குன்றின் மக்கள் கென்ற் கரையின் றொம்னிச் சதுப்பிலே திரள்கின்றனர். ஒரு விதவையின் இரு புதல்வர், ஒருவன் குருடன், மற்றவன் ஊமை, இரவோடிரவாகப் படகிலே அவர்களைப் பிரான்சு சேர்க்கின்றனர். இக்கதையிலே இனிமையைத் தாண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. நாட்டிலே பகை முற்றும்போது முதலில் வெளியேறுவோர் எளியோரே என்பதையும், அவர்களை ஏற்றிச் செல்வோர் எளியோரே என்பதையும் அது அறிந்துள்ளது. 2018 ஆம் ஆண்டு முதல் அதே கால்வாயைச் சிறு படகுகளில் எதிர்த்திசையாகக் கடந்து கென்ற் கரையை நாடி வந்தோர் பல்லாயிரவர். 2022 இல் மட்டும் 45,000 க்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்களை எதிர்கொண்ட சட்டங்களையும் சொற்களையும் அறிந்தவர், இக்கதையை வெறும் சிறுவர் கதையாகப் படிக்க மாட்டார்.

இறுதியாக ஹொப்டன். அவன் வேலி கட்டும் முதிய தொழிலாளி. ஹொப் காய்களை உலர்த்தும் சூளை வீட்டிலே இரவு முழுவதும் காவலிருப்பவன். பிறர் காணாதவாறு கண்ணி வைத்து முயல் பிடிப்பவன். அவன் மகன் அறிவு முதிராதவன், தேனீக்களோடு பழகுபவன். முற்காலத்தில் மாயமாந்தர் மாற்றி வைத்த பிள்ளையென அடிக்கப்பட்டிருக்கக் கூடிய அவன், இங்கு அன்போடு ஏற்கப்படுகிறான். அது மெய்யான மென்மை; அதனை நாம் வணங்குகிறோம். கிப்ளிங் 1917 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நிலம் பற்றிய கவிதையொன்றில், உரோமன் காலம் தொடக்கம் எத்தனை பேர் பத்திரம் எழுதி வைத்திருந்தாலும் அந்நிலத்தின் மெய்யான உரியவன் ஹொப்டனே என்று ஒப்புக் கொள்கிறார். அவனது களவு வேட்டையையும் நிலக்காரன் காணாதது போல விட்டு விடுகிறான். 1723 ஆம் ஆண்டில் மான் காட்டுக்குள் புகுந்தவனுக்குக் கயிறு. இருபதாம் நூற்றாண்டின் ஹொப்டனுக்குக் கண்சிமிட்டல். நிலக்காரன் இவ்வளவு தாராளமாயிருக்க முடிந்தமைக்குக் காரணம், ஹொப்டன் இனிமேல் வேலியைப் பிடுங்க மாட்டான் என்னும் நம்பிக்கையே. உரிமையைக் கவிதையிலே கொடுத்து உறுதியைப் பெட்டகத்திலே வைத்துக் கொள்ளும் தாராளம் அது.

மாயமாந்தர் பற்றிய வரலாற்றுப் புனைவு இவ்வாறுதான் இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. 2004 ஆம் ஆண்டில் சுசன்னா கிளார்க் வெளியிட்ட 'ஜொனதன் ஸ்றேஞ்சும் மிஸ்ரர் நொறெலும்' நெப்போலியன் காலத்து இங்கிலாந்திலே மாயத்தை நடமாட விடுகிறது. அதிலே ஸ்ரீபன் பிளாக் என்னும் கறுப்பினப் பணியாளன் வருகிறான். அவனது தாய் அடிமைக் கப்பலிலே மாண்டவள். அவள் வைத்த பெயர் எதுவென்பதை அவன் அறியான். கனவான்களாகிய இரு மாயவாதிகளும் தமக்குள் வாதிட்டுக் கொண்டிருக்க, ஈற்றில் மாயமாந்தர் நாட்டுக்கு அரசனாவது அப்பணியாளனே. அடிமை வாணிபத்தை ஒதுக்கி வைக்காமலே அந்நூலாலும் வாசகனை மகிழ்விக்க முடிந்தது. மகிழ்ச்சிக்கு மறதி இன்றியமையாததன்று என்பதற்கு அது சான்று.

ஆசிரியர்களாகிய நாம் இனிய நூலை மாணவரிடமிருந்து பறித்து விட வேண்டுமா? அவ்வாறு செய்வது அறிவீனம். நிலத்தின் அடியிலே மனித வாழ்வு படிந்து கிடக்கிறது, உளியும் கொல்லுலையும் வேலியும் வரலாற்றைச் சுமக்கின்றன என்னும் உணர்வை 'பூக்ஸ் குன்றின் பக்' போல இளமையிலே ஊட்டக் கூடிய நூல்கள் சிலவே. அதனைக் கொடுப்போம். உடன், 1451 ஆம் ஆண்டு முகத்திற் கரி பூசி நின்றவர்களின் கதையையும், 1830 ஆம் ஆண்டு கப்பலேற்றப்பட்டவர்களின் கதையையும் கொடுப்போம். புற்கரணையை யார் வெட்டினார், யார் கையிலே வைத்தார், அந்நேரம் அந்நிலத்தில் வேலை செய்து கொண்டிருந்தவன் எங்கே நின்றான் என்று மாணவர் கேட்கட்டும்.

டானும் யூனாவும் ஒவ்வொரு முறையும் பெருஞ் செய்திகளைக் கேட்டறிந்தனர். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு தேநீருக்கு வீடு திரும்பினர். அறிந்தவை பேச்சாகவில்லை, பேச்சாகாதவை எவரையும் அசைக்கவில்லை. தான் அறிந்ததைப் பிறரிடம் சொல்ல இயலாதபடி செய்யப்பட்டவனுக்கு வரலாறு ஒரு மாலைநேரப் பொழுதுபோக்காகவே முடியும். எமது மாணவர் கதையை விருப்பத்தோடு கேட்கட்டும். கதை முடிந்ததும் நீட்டப்படும் அந்த மூன்று இலைகளை மட்டும் மறுத்து விடக் கற்றுக் கொள்ளட்டும்.